தலை பின்னும்போது சொன்னாள், இப்போது ‘ஒன்றுமில்லை’ என்கிறாள்

கேள்வி: நெல்லைச் சித்தி

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முகம் அந்தப் பக்கம் இருந்ததால்தானோ என்னவோ, “சித்தி, இனிமேல் மாடிக்குக் கணக்குப் படிக்கப் போகமாட்டேன். பெரியப்பா தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை” என்றாள். மாடியில் இருப்பவர் அத்தானின் அண்ணன். இன்னும் சில வார்த்தைகள் சொன்னாள். அவற்றை இங்கே எழுதமாட்டேன். பாதிப் பின்னலோடு என் கை நின்றுவிட்டது.

அன்று இரவே அக்காவிடம் சொன்னேன். அதிலிருந்து வீட்டில் விசாரணைதான். அக்கா மூன்று முறை கேட்டாள், அத்தான் இரண்டு முறை. அக்காவின் மாமியார் சாமி படத்துக்கு முன் நிறுத்திக் கேட்டார். நேற்றுப் பிள்ளை, “ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன்” என்றுவிட்டாள். “பார்த்தாயா, எல்லாம் டிவி பார்த்து வந்த கற்பனை” என்கிறார்கள். மாடி வீட்டில் வேறு கல்யாணம் வருகிறது, பத்திரிகை அடித்தாகிவிட்டது.

பெற்றவர்களே வேண்டாம் என்னும்போது நான் புகார் கொடுக்க முடியுமா? கொடுத்தால் பிள்ளையை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் இழுத்தடிப்பார்களே?

பதில்: தென்னந்தோப்பு

கல்யாணம் முடியட்டும் சகோதரி. அதுவரை பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நாலு பேரை வைத்து அந்த ஆளைக் கண்டித்துவிடலாம். வழக்கு என்று போனால் கெடுவது பெண்பிள்ளையின் பெயர்தான்.

பதில்: மதுரை மல்லி

போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், அந்த வழக்குகளில் பிள்ளைகளோடு கூடவே போய்வரும் உதவி நபராக ஏழு வருடமாக இருக்கிறேன். மேலே எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ‘நாலு பேரை வைத்துக் கண்டித்த’ குடும்பங்கள் எங்களிடம் வருவது, பெரும்பாலும் அதே ஆளைப் பற்றி இரண்டாவது பிள்ளையும் வாய் திறந்த பிறகு.

முதலில் அவளைக் கேட்பதை நிறுத்துங்கள், அம்மா. சொன்னதும் வீட்டில் எல்லார் முகமும் மாறியதை அவள் பார்த்திருக்கிறாள். தன்னால்தான் இவ்வளவும் என்று நினைத்து வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வது பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது. அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதை, அவள் சொன்ன சொற்களிலேயே, தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாகரிகமாக மாற்றி எழுத வேண்டாம்.

புகார் கொடுக்கப் பெற்றவர் சம்மதம் தேவையில்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் யாரானாலும் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. அது உங்களுக்கும் பொருந்தும், அக்காவுக்கும் பொருந்தும். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் பேசலாம்.

ஸ்டேஷன் பயத்துக்கு வருகிறேன். வாக்குமூலம் வாங்கப் போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும், அல்லது பிள்ளை விரும்பும் இடத்துக்கு. கூடியவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல். பெண்பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்கலாம், அவள் நம்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும். கோர்ட்டில் அந்த ஆளின் முகத்தை அவள் பார்க்காதபடி திரை இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வியை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்: ஓர் ஆண்டுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், வழக்கோ நீளும். அலைச்சல் உண்டு.

சமரசப் பேச்சும் செல்லாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேலிருந்த வழக்கைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்துவிட்டது.

பிறகு, உங்கள் பெயரிலிருந்து ஊரை எடுத்துவிடுங்கள். பிள்ளை யாரென்று தெரிந்துவிடக் கூடாது.

பதில்: சித்தி

ஊரை எடுத்துவிட்டேன். நேற்று மொட்டை மாடியில் நின்று 1098க்குப் பேசினேன். கை நடுங்கி முதல் முறை நானே துண்டித்துவிட்டேன்.

இன்று மாலை இரண்டு பெண்கள் வந்தார்கள், ஒருவர் எஸ்.ஐ. சுடிதாரில் இருந்ததால் மாமியார் கல்யாண வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக் காபி போடப் போய்விட்டார். பிள்ளை என் மடியில் உட்கார்ந்துதான் பேசினாள், அவர்கள் அவசரப்படுத்தவில்லை. அத்தான் கத்திவிட்டு வெளியே போனார். அக்கா உள்ளே வரவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் கடைசிவரை நின்றிருந்தாள்.

நாளை பத்து மணிக்கு மருத்துவமனை. அக்கா வருகிறாளா, நான் மட்டும் போகிறேனா என்று காலையில்தான் தெரியும்.