மெய்நோங் ஹக்கா ஊர் இத்தனை வருஷமா எப்படி கலையாம நின்னுச்சு?

கேள்வி:
தைவான்ல தெக்கே காவ்சியுங் பக்கம் மெய்நோங்னு ஒரு ஹக்கா ஊர் இருக்குல்ல, மலையடிவாரம், நெறைய வயக்காடு. ஹக்கானா 'விருந்தாளிக் குடும்பம்'னு அர்த்தம், அதாவது வெளியில இருந்து வந்தவங்க. அப்படி வந்தவங்க ஒரே எடத்துல 300 வருஷத்துக்கு பக்கமா பாஷையும் சொந்தபந்தமும் விடாம எப்படி இருந்தாங்க? ஹக்கா ஆளுங்க குணமே அப்படித்தான்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க, அது எனக்கு பத்தல.

பதில் 1:
ஆரம்பத்துல சேத்து வச்சது குணம் இல்ல, பயம். குவாங்டாங்ல இருந்து வந்த ஹக்காங்க பிங்டுங் சமவெளில குடியேறி இருந்தாங்க, 1721ல சீனாவோட சிங் அரசுக்கு எதிரா ஜூ யிகுய்ங்கிறவன் தலைமையில கலகம் வெடிச்சதும் ஊர் ஊரா ஆள் தெரட்டி படை கட்டினாங்க, அதுதான் லியுதுய், ஆறு படைப்பிரிவு. சண்டை முடிஞ்சும் அந்த கட்டமைப்ப விடல. அதுல வலது பிரிவுல இருந்து லின் அண்ணன் தம்பிங்க தலைமையில கெளம்பி வந்தவங்க 1736ல போட்ட ஊர்தான் இது, அப்போ பேரு மீநோங், 1920ல ஜப்பான் ஆட்சியில தான் மெய்நோங் ஆச்சு. அவங்க நட்ட போகோங் சாமி கல்லு இன்னும் இருக்கு, போகோங்னா மண்ணு காக்குற பெரியப்பா மாதிரி. செலை கெடையாது, வெறும் கல்லு, பின்னாடி சமாதி மாதிரி மேடு. வயக்காட்டு ஓரமெல்லாம் இந்த சாமிதான்.

பதில் 2:
மேல சொன்னது சரிதான், ஆனா கலகம் அடங்கின பிறகு எது கட்டி வச்சது? என்னைக் கேட்டா தண்ணியும் புகையிலையும். ஜப்பான் காலத்துல ஊர்லயே சூசிமென்ங்கிற எடத்துல நீர்மின் நிலையம் கட்டி, அதுல இருந்து வெளிய வர்ற தண்ணிய வாய்க்கால் வெட்டி வயலுக்கு விட்டாங்க, ரெண்டு போகம் நெல்லு வெளைஞ்சுது. 1930கள்ல புகையிலை வந்துச்சு, நெல் அறுத்ததும் குளிர்காலத்துல அதப் போடுவாங்க, அரசாங்கமே ஒப்பந்தம் போட்டு வாங்கும். ஆனா வேலை இடுப்ப ஒடிச்சிடும். இலை அடியில இருந்து ஒவ்வொரு அடுக்கா பழுக்கும், அத அந்தந்த நேரத்துக்கு கையால கிள்ளி, கோத்து, சூளை வீட்டுல தொங்க விட்டு, ராத்திரி பூரா முழிச்சு சூடு பாக்கணும், சூடு தப்பினா நிறம் கெட்டு வெலை விழுந்துடும். ஒரு வீட்டு ஆளால முடியவே முடியாது. அதனால இன்னைக்கு உன் வயலு, நாளைக்கு என் வயலுன்னு ஆள் மாத்தி வேலை பாத்தாங்க, காசு கூலி இல்ல, ஆள் நாள் கணக்கு. எவன் வீட்டோடயும் பகைச்சுக்கிட்டு இலை பறிக்க முடியாது, அவ்ளோதான் விஷயம். அந்த வருமானத்துல தான் புள்ளைங்க படிச்சு வாத்தியாரு, டாக்டரேட்டுன்னு போனாங்க.

பதில் 3:
பொம்பளைங்கள விட்டுட்டீங்களே. அந்தக் கால சீனாவுல பொண்ணுங்க பாதத்த கட்டி குறுக்கிற வழக்கம் இருந்துச்சு, ஹக்கா பொண்ணுங்க அதுக்குள்ள போகல, வயல்ல எறங்கி வேலை பாத்தாங்க, நீல சட்டை போட்டுக்கிட்டு. வயலும் பாத்து சூளையும் பாத்து சமையலும் பாத்தது அவங்கதான், சொத்து மட்டும் ஆம்பள வழி. அத சொல்லாம ஒத்துமைன்னு மட்டும் பேசுறது எனக்கு ஒப்பல. ஆனா அந்த ஒத்துமை நெசம்தான், 1992 வாக்குல ஊருக்கு மேல அணை கட்ட கெளம்பினப்போ கெழவங்கள்லேருந்து படிச்சு திரும்பி வந்த பசங்க வரைக்கும் சேந்து தலைநகரம் தைபே போயி எதிர்த்து நின்னாங்க, 2000ல அணைய நிறுத்திட்டாங்க. புகையிலை ஒப்பந்தம் 2017ல முடிஞ்சிடுச்சு. இப்போ அதே தண்ணில குளம் கட்டி ஒரு நீர்க்கீரை போடுறாங்க, நெஞ்சளவு தண்ணில நின்னு நீளநீளமா உருவி எடுக்கணும், அந்த வேலையில தென்கிழக்கு ஆசியாவுல இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பொண்ணுங்களும் இருக்காங்க.