8 வருடப் பழைய ஆட்டோமேட்டிக் கார்: எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது 8 வருடப் பழைய பெட்ரோல் கார், சிவிடி கியர்பாக்ஸ் (பற்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட், புல்லியில் ஓடும் ஆட்டோமேட்டிக்). செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, கம்பெனி வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது வெளி நிறுவனம் ஒன்று, பணம் கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி (கம்பெனி வாரண்டிக்குப் பிறகும் ரிப்பேர் செலவை ஏற்கும் ஒப்பந்தம்) எடுக்கச் சொல்லி விடாமல் போன் செய்கிறது. "இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாமே கவர் ஆகும்" என்கிறார்கள். இன்னும் சில வருடம் இதைத்தான் ஓட்டப்போகிறேன். சிக்னலில் நின்று கிளம்பும்போது சில சமயம் வண்டி லேசாக உதறுகிறது, பயமே அதனால்தான். எடுக்கலாமா?

பதில் 1:
போனில் "எல்லாமே" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. விளம்பரத் தாள் வேண்டாம், முழு ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப இழுத்தடித்தால் அதுவே பதில்!

அதில் முதலில் பார்க்க வேண்டியது, கவர் ஆகும் பாகங்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார்களா, அல்லது கவர் ஆகாதவற்றை மட்டும் சொல்லியிருக்கிறார்களா என்பது. பெயர் சொல்லி அடுக்கியிருந்தால், அந்தப் பட்டியலில் இல்லாத பாகம் போகும்போது கைக்காசுதான்.

பதில் 2:
ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருப்பவன் என்பதால் கிளெய்ம் பக்கத்தைச் சொல்கிறேன். நிராகரிக்கும்போது வழக்கமாக வரும் காரணங்கள் மூன்று: தேய்மானம், சரியாகப் பராமரிக்கவில்லை, கோளாறு முன்பே இருந்தது.

ஒரு கூலன்ட் ஹோஸ் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் போகும் ரப்பர் குழாய்) வெடிக்கிறது, கவனிக்காமல் ஓட்டியதில் இன்ஜின் ஓவர்ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போகிறது என்று வையுங்கள். ஹோஸ் தேயும் பாகம், அதனால் கவர் கிடையாது. கேஸ்கெட் போனது ஹோஸால் என்பதால் அதுவும் கிடையாது என்பார்கள். சூடு முள் ஏறிய பிறகும் ஓட்டினீர்கள் என்று இன்னொரு காரணமும் சேரும். இன்ஜின் கவர் ஆகும் என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்களுக்குப் பைசா வராது.

இன்னொன்று, அவர்கள் அனுமதி தரும் முன் எதையும் கழற்றக்கூடாது என்று இருக்கும். கழற்றிப் பார்த்தபின் கிளெய்ம் இல்லை என்றால், கழற்றிய கூலி யார் தலையில் என்று கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் அந்த உதறல்தான் சிக்கல். முன்பே இருக்கும் கோளாறு என்று சுலபமாகத் தள்ளிவிடுவார்கள். சிவிடி ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா?

கேட்டவர்:
ஒப்பந்தம் வந்துவிட்டது. பெயர் சொல்லி அடுக்கும் வகைதான். சிவிடி பெல்ட், புல்லி இருக்கிறது. வால்வ் பாடி (கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்), கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட் (அதை இயக்கும் கம்ப்யூட்டர்) இல்லை. முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது. பாகத்தின் வயதுக்கேற்பக் கிளெய்ம் தொகையில் கழித்துக்கொள்வது வேறு. நான் வாங்கிய பிறகான இன்ஜின் ஆயில் பில் எல்லாம் உண்டு. சிவிடி ஆயிலை முந்தைய ஓனர் மாற்றினாரா என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.

பதில் 2:
அப்படியென்றால் நாளைக்கு பெல்ட்டே போனாலும் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் காரின் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்து எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்) ஏதாவது பதிவாகியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஆயிலின் அளவு, நிறம். கருகிய வாடையோ உலோகத் துகளோ இருந்தால் ஆயில் மாற்றுவதோடு முடியாது. மாற்றினால் கார் கம்பெனி சொன்ன சிவிடி ஆயில் மட்டும்தான், சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) ஊற்றவே கூடாது. இன்ஜின் மவுண்ட்டையும் (இன்ஜினைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் ரப்பர் பாகம்) பார்க்கச் சொல்லுங்கள், அது தளர்ந்தாலும் இப்படித்தான் உதறும்.

பதில் 3:
எக்ஸ்டெண்டட் வாரண்டியே ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். கார் கம்பெனியே தருவது, அதன் ஒர்க்‌ஷாப்பிலேயே ரிப்பேர், சர்வீஸ் பதிவு முழுதாக இருக்கிறது என்றால், ஆட்டோமேட்டிக்குக்கும் டர்போ டீசலுக்கும் யோசிக்காமல் எடுப்பேன். மேனுவல் பெட்ரோல் காருக்கு எடுக்கமாட்டேன். நீங்கள் சொன்ன ஒப்பந்தத்தில் செலவு வைக்கும் பாகங்களே விடுபட்டிருக்கின்றன. அவர்கள் கேட்கும் தொகையைப் பிரித்து மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். ஒன்றும் பழுதாகவில்லை என்றால் பணம் உங்களிடமே இருக்கும்.

கேட்டவர்:
வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே தள்ளுபடி தருகிறேன் என்றார்கள்! ஸ்கேனில் எரர் கோடு இல்லை. ஆயில் கறுத்திருந்தது, துகள் இல்லை. மாற்றியபின் உதறல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. ஒரு மவுண்ட்டில் ரப்பர் கிழிந்திருக்கிறதாம், பாகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்று போனால் மற்றவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?

பதில் 2:
கட்டாயமில்லை. லிஃப்டில் ஏற்றி மற்றவற்றில் வெடிப்பு, தொய்வு இருக்கிறதா என்று பார்த்து, அப்படி இருப்பதை மட்டும் மாற்றுங்கள் போதும்.