கதிர்வீச்சுத் தூசி சர்ச்சை: 1950களின் ஆவணங்கள் கிடைக்குமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஆசிரியர்களுக்காக எழுதிவரும் அறிவியல் வரலாற்றுக் கட்டுரை ஒன்றுக்கு உங்கள் உதவியை நாடுகிறேன்.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா சோதித்த ஹைட்ரஜன் குண்டு, வினையில் பெரிதாகப் பங்கேற்காது என்று கருதப்பட்ட, குண்டின் எரிபொருளில் இருந்த லித்தியம்-7 அணுக்கருக்களும் சேர்ந்துகொண்டதால், கணித்ததைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்காக, 15 மெகாடன் ஆற்றலுடன் வெடித்தது. வெண்சாம்பலாகப் பொழிந்த கதிரியக்கப் பவளத்தூள் அருகிலிருந்த ரோங்கலாப் தீவு மக்கள் மீதும், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர் மீதும் படிந்தது. அப்படகின் வானொலிப் பணியாளர் குபோயாமா அந்தச் செப்டம்பரில் உயிரிழந்தார்.

இத்தகைய கதிரியக்கத் தூசியால் மக்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று இதன்பின் வலுத்த சர்ச்சையில்தான் எனக்குத் தெளிவு தேவை. சிறிதளவு கதிர்வீச்சும் தீங்கு விளைவிக்கும் என்றார் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங். அந்த ஆபத்து பொருட்படுத்தத் தக்கதன்று என்றார் ஹைட்ரஜன் குண்டு உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய இயற்பியலாளர் எட்வர்டு டெல்லர். நேர்மையான அறிவியல் ஐயம் எது, ஆயுதப் போட்டிக்கான வாதம் எது என்று பிரித்துக் காட்டாமல் இதை மாணவர்களிடம் கொண்டுசெல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

1958இல் இவ்விருவரும் தொலைக்காட்சியில் வாதிட்டதன் முழு எழுத்து வடிவமோ, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் குழந்தைகளின் பால்பற்களில் ஸ்ட்ரான்சியம்-90 (அணுகுண்டுத் தூசியிலிருந்து எலும்பிலும் பல்லிலும் சேரும் கதிரியக்கப் பொருள்) அளந்த ஆய்வின் முதல் முடிவுகளோ எவரிடமேனும் இருந்தால் தெரிவியுங்கள். 1954 ஏப்ரலில் நேரு சோதனைகளை நிறுத்தக் கோரியபோது தமிழ் நாளேடுகள் எழுதிய தலையங்கங்களின் நகல் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.