12 பேர் சர்ப்ரைஸ் மெனு: மீன் தோல் நமத்துப் போகிறது

கிச்சன் நண்பர்களே, ஒரு யோசனை தேவை. மொத்தம் ஏழு கோர்ஸ், 15 நிமிட இடைவெளி. என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்வதில்லை. அலர்ஜி விவரம் மட்டும் புக்கிங்கிலேயே கேட்டு வாங்கிவிடுகிறோம். சிக்கல் நாலாவதாக வரும் கொடுவா மீனில்தான். 120 கிராம் துண்டு. உப்புத் தடவி 20 நிமிடம் கழித்துத் தோலை ஈரம் போகத் துடைத்து, தோல் பக்கம் கீழே இருக்கும்படி போடுகிறோம். பன்னிரண்டையும் ஒரே கல்லில் போட்டால் சூடு இறங்கி, மீன் தண்ணீர் விட்டுத் தோல் ஒட்டிக்கொள்கிறது. ஆறாறாகப் போட்டாலோ, முதல் ஆறும் காத்திருந்து நமத்துவிடுகிறது. மூடிவைத்தால் இன்னும் மோசம், ஆவியே கெடுத்துவிடும். மொய்லி (தேங்காய்ப்பால் குழம்பு) சாற்றைத் தட்டில் முதலில் ஊற்றி அதன்மேல்தான், தோல் மேலே இருக்கும்படி, மீனை வைக்கிறோம், அதனால் சாறு காரணமில்லை. தோலை முக்கால் பதம் முறுக விட்டு எடுத்துவைத்து, பரிமாறும் முன் ஓவனில் முடிப்பவர்கள் யாராவது உண்டா? எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? கம்பித் தட்டா, சாதா ட்ரேயா?