ரீப்பர் (பாட்டுப் பதிவு மென்பொருள்) பாதியில் உறைகிறது, சில சமயம் தானாக மூடிக்கொள்கிறது: உதவி தேவை

செல்லூர் மாடி:
வணக்கம். செல்லூரில் மாடி அறையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்காக அழகர் வர்ணிப்பு ஒன்று பதிவு நடக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டும், கணினி விடமாட்டேன் என்கிறது.

ஐ5, 16 ஜிபி ராம், விண்டோஸ் 10, ரீப்பர், யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். விண்டோஸ் எஸ்எஸ்டியில், சாம்பிள் (பதிவு செய்து வைத்த வாத்திய ஒலி) எல்லாம் பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில். ஃபேன் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று சிபியுவைப் பிளைவுட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீப்பர் அப்படியே நின்றுவிடுகிறது. கடைசித் துண்டு மட்டும் ஹெட்போனில் 'ர்ர்ர்' என்று கேட்கும். சில நேரம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரீப்பரே காணாமல் போய்விடும். பாட வந்த பெரியவர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இன்னைக்கு நடக்குமா?" என்கிறார். என்ன பதில் சொல்ல?

குமரன் பீட்ஸ்:
விண்டோஸை ஃபார்மேட் பண்ணிப் புதுசா போடுங்க ப்ரோ. எல்லாம் சரியாகிடும்.

அவனியாபுரத்தான்:
அண்ணே, பிளைவுட் பெட்டியா? மதுரை வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள ரூமில், பதிவுக்காக ஏசியையும் அணைத்துவிட்டு! சூடுதான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டு வெப்பநிலையைப் பாருங்கள். இன்டெல் சிப் பெரும்பாலும் 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பழுது பார்ப்பவன்:
ஃபார்மேட் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். இருக்கிற தடயமும் அதோடு போய்விடும், பிளகின் (ரீப்பருக்குள் ஓடும் துணை மென்பொருள்) எல்லாம் திரும்ப ஏற்ற இரண்டு நாள் ஓடிவிடும்.

சூடு என்பதை மறுக்கவில்லை, பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து விடுங்கள். ஆனால் சூட்டில் வேகம் குறைந்தால் பெரும்பாலும் முதலில் 'கரகர' சத்தம்தான் வரும். நீங்கள் சொல்வது உறைவதும் காணாமல் போவதும். இவை ஒரே நோய் இல்லை என்று நினைக்கிறேன். மூன்று கேள்வி:

உறையும்போது மவுஸ் நகர்கிறதா? பாட்டில் ஒரே இடத்திலா, கண்ட இடத்திலா? ஈவன்ட் வியூவரில் (விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் இடம்), விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம், அப்ளிகேஷன் இரண்டிலும் அந்த நேரத்துக்கு என்ன எழுதியிருக்கிறது?

செல்லூர் மாடி:
மவுஸ் நகர்கிறது. நீங்கள் கேட்ட பிறகு கவனித்தேன், பெரும்பாலும் ஒரே இடம்: இரண்டாவது கண்ணி முடிந்து நாகஸ்வர சாம்பிள் நுழையும் இடம். சிஸ்டத்தில் 'டிஸ்க்' என்ற பெயரில் 153, 7 என்று வரிசையாக. அப்ளிகேஷனில் 'ஃபால்ட்டிங் மாட்யூல்' (பிழை நடந்த பகுதி) என்று ஒரு ரிவெர்ப் (எதிரொலி) பிளகினின் டிஎல்எல் ஃபைல் பெயர்.

பழுது பார்ப்பவன்:
சரி, இப்போது பேசலாம். 153 என்றால் டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ போய், முடியாமல் மறுபடி முயன்றது. 7 என்றால் கெட்டுப்போன பகுதி. உங்கள் சாம்பிளர் (சாம்பிளை வாசிக்கும் பிளகின்) ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும்தான் ராமில் வைத்திருக்கும், மிச்சத்தை வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து இழுக்கும். அந்த நாகஸ்வரச் சுரம் கெட்ட பகுதியில் இருந்தால், டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும், ரீப்பர் அதற்காகக் காத்துக் கிடக்கும். சூடு காரணமாக இருந்தால் அது கண்ணி பார்த்தா வரும்?

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி5, சி7 இரண்டு வரிகளைப் பாருங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் சாட்டா கேபிளாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. சி5 ஏறியிருந்தால் டிஸ்க்கே போகிறது. ஒன்று கவனம்: அங்கே மதிப்பு ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) இருக்கும். கடைசியில் ஏ8 என்று இருந்தால் 168 என்று பொருள்.

சி5 என்றால் உடனே விண்டோஸின் செக் டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். சாகப்போகிற டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைப்பது அதன் உயிரைக் குடிக்கும். முதலில் ப்ராஜெக்ட் ஃபோல்டர், அப்புறம் சாம்பிள்கள், வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

ரீப்பர் காணாமல் போவது வேறு கதை, அது அந்த ரிவெர்ப் பிளகினால். ரீப்பரில் அந்தப் பிளகினைத் தனி ப்ராசஸாக ஓட்டும் வசதி உண்டு: எஃப்எக்ஸ் பட்டியலில் அதன் மேல் வலது கிளிக், 'ரன் ஆஸ்', 'டெடிகேட்டட் ப்ராசஸ்'. அது விழுந்தாலும் ரீப்பர் விழாமல் ஓடும். அது எங்கிருந்து வந்த பிளகின் என்று கேட்கமாட்டேன். ஆனால் கிராக் (திருட்டுப் பிரதி) என்றால் தூக்கி எறியுங்கள், ரீப்பரோடு வரும் ரிவெர்ப்பே இந்தப் பாட்டுக்குப் போதும்.

குமரன் பீட்ஸ்:
ராம் கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லையா?

பழுது பார்ப்பவன்:
இருக்கலாம். ஆனால் ராம் ஒரே இடத்தில் மட்டும் தொந்தரவு தராது, கண்ட இடத்தில் கண்டபடி விழும். டிஸ்க் மாற்றியும் தீராவிட்டால் மெம்டெஸ்ட்86 போட்டு ஒரு ராத்திரி ஓட விடலாம்.

செல்லூர் மாடி:
சி5 ஏறியிருந்தது, சி7 பூஜ்யம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்தேன். நாகஸ்வர ஃபோல்டரில் சில ஃபைல்கள் கடைசி வரை வரவில்லை. விற்ற இடத்தில் பழைய கணக்கு இருந்ததால் மறுபடி இறக்கிக்கொண்டேன். இப்போது அந்தக் கண்ணியைத் தாண்டி ஓடுகிறது. ரிவெர்ப்பையும் மாற்றிவிட்டேன். பெட்டியின் பின்பலகையைக் கழற்றியாயிற்று, சத்தம் கொஞ்சம் விழுகிறது, பரவாயில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பெரியவர் பாடும்போது தன் குரலே ஹெட்போனில் பின்னால் வருகிறது என்கிறார். பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துளிகள்) 1024.

பழுது பார்ப்பவன்:
பாடும்போது 128 ஆக்குங்கள். நொடிக்கு 44,100 துளி என்ற விகிதத்தில் 1024 என்றால் பஃபர் மட்டுமே 23 மில்லிசெகண்ட், போக வர இரண்டு பக்கமும் சேர்ந்தால் அதைவிடக் கூடுதல். 128 என்றால் 3க்கும் கீழே. மிக்ஸிங் வந்ததும் பழையபடி 1024. 128இல் கரகரத்தால் கனமான பிளகின்களை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், குரல் பதிவுக்கு அவை தேவையில்லை.

அவனியாபுரத்தான்:
அண்ணே, அந்தப் பழைய டிஸ்க்கை என்ன பண்ணப் போறீங்க? பேக்கப்புக்கு வைச்சுக்கலாமே?

பழுது பார்ப்பவன்:
அதை மட்டும் செய்யாதீர்கள்.