கியோசுனா பாலம் தாண்டி நிஷிகசாய்

2011 மார்ச் 11. டோக்கியோ ஓத்தேமாச்சியில் ஆபீஸில் இருந்தேன். மதியம் 2.46-க்கு ஆரம்பித்த நிலநடுக்கம் ஓய்ந்த பிறகும் கட்டடம் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. ரயில்கள் நின்றுவிட்டன, செல்போனில் லைன் கிடைக்கவில்லை. வீடு நிஷிகசாயில். தோஸாய் லைனில் ஏறினால் கால் மணி நேரம்தான். அங்கே மனைவியும் இரண்டு வயது மகளும் தனியாக. சரி, நடந்துவிடலாம் என்று கிளம்பினேன். சுமார் 9 கிலோமீட்டர்.

எய்தாய் சாலை நெடுக ஜனம். ஆனாலும் ஒரு தள்ளுமுள்ளு இல்லை. பொதுத் தொலைபேசிகளில் காசில்லாமல் பேச விட்டிருந்தார்கள். வரிசையில் நின்று மனைவியின் குரலைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

கிபா வருவதற்குள் லெதர் ஷூ குதிகாலைக் கடித்துவிட்டது. தோயோச்சோ தாண்டி நடைபாதை ஓரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் நின்றார். பையைத் துழாவி இரண்டு பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தார். "எங்கே போகணும்?"

"நிஷிகசாய்."

"நானும் அங்கேதான். வாங்க."

அரகாவா ஆற்றின் மேல் கியோசுனா பாலம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்திலேயே தோஸாய் லைன் பாலம். தினமும் செல்போனைப் பார்த்தபடி கடக்கிற ஆறு, அன்றைக்குத்தான் அதன் அகலம் தெரிந்தது. குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

என் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்துகொண்டே பெரியவர் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. இந்தப் பக்கமெல்லாம் அவர் சின்ன வயதில் தாமரை வயல், அதற்கு அப்பால் கடல், நோரி பாசி வளர்ப்பு. 1969-ல் ரயில் வந்தபோது நிஷிகசாயில் ஸ்டேஷனே கிடையாது. 1979-ல் ஸ்டேஷன் திறக்கும்வரை பத்து வருஷம் வண்டி நிற்காமல் போனதாம். "நாங்க கீழே நின்னு பார்ப்போம்" என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். ஐந்து வருஷம் குடியிருந்தும் இதெல்லாம் நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஸ்டேஷனில், மேம்பாலத்துக்கு அடியில், மகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். தோளில் பிளாஸ்க். பெரியவருக்கும் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தவர், மகளைப் பார்த்துச் சிரித்து, "அமாய்" என்றார். நல்ல இனிப்பு என்று அர்த்தம்.