புதுப்பிப்பு: எல்லா டெஸ்ட்டும் நெகட்டிவ், ஆனா பயம் போகலன்னு எழுதுனேன்ல

போன மாசம் எழுதுனேன், ஓசூர்ல வேலைக்கு இருந்தப்ப ஒரு தடவை ஆணுறை இல்லாம உறவு, அதுலேர்ந்து எச்ஐவி பயம், ஆறு வாரத்துல ஒண்ணு, மூணு மாசம் தாண்டி ஒண்ணு, ரெண்டும் நெகட்டிவ், மேகநோய்க்கு (சிபிலிஸ்) பாக்குற விடிஆர்எல் டெஸ்ட்டும் நெகட்டிவ், அப்பவும் தூக்கமில்லன்னு. நம்பிக்கை மையத்துக்கு, அதான் அரசாங்கத்தோட எச்ஐவி டெஸ்ட், ஆலோசனை மையத்துக்கு, நேர்ல போன்னு சொன்னீங்க. போனேன்.

தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னு கிருஷ்ணகிரிய விட்டு தருமபுரிக்கு பஸ் ஏறுனேன். ஆலோசகர் அக்கா என் ரிப்போர்ட்ட எல்லாம் தேதி வாரியா மேசையில அடுக்குனாங்க. "தம்பி, விரல்ல குத்தி பாக்குற டெஸ்ட்டுக்கே 90 நாள் தாண்டி நெகட்டிவ்னா போதும்ங்கிறதுதான் கணக்கு, நீ 97வது நாள் எடுத்திருக்க, இன்னும் எதுக்கு?"ன்னாங்க. கழுத்துல நெறி கட்டிருக்குன்னு காட்டுனேன். ஒரு நாளைக்கு எத்தன தடவ அமுக்கி பாப்பன்னு கேட்டாங்க. கணக்கே இல்லக்கா, கண்ணாடி முன்னாடி நின்னாலே கை அங்கதான் போகுதுன்னேன். அமுக்கி அமுக்கியே வலிக்கும்பான்னாங்க. கைய எடுத்து ஒன்பது நாள் ஆச்சு, வலி இல்ல.

இந்த பயத்துக்கே வைத்தியம் வேணும்னு மனநல டாக்டர்கிட்ட எழுதி குடுத்திருக்காங்க, அடுத்த வாரம் போறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுள் பாத்துட்டு கிடக்குறவங்க தயவுசெஞ்சு எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அடிங்க, காசு கிடையாது.

கல்யாணப் பேச்ச தள்ளிக்கிட்டே இருந்தேன். நேத்து அம்மாகிட்ட சரின்னுட்டேன்.